ஜாடிக்கு ஒரு பிரிமணை

நாமக்கல் வட்டாரத்துக் கோழிப்பண்ணைகளிலிருந்து நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் லாரியேறி, கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும், துறைமுகம் வழியாக அரபு நாடுகளுக்கும் போய்ச் சேருகின்றன என்பதை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். தீவன ஆராய்ச்சியையும் தடுப்பூசியையும் பண்ணையாளர்களின் சாமர்த்தியத்தையும் அதற்குக் காரணங்களாக எடுத்துக்காட்டுகிறோம். ஆனால் முப்பது குழிகளோடு கூடிய ஓர் அட்டைத் தட்டு இல்லாதிருந்தால் அந்த முட்டைகளில் பாதிகூடத் தொப்பூர்க் கணவாயை முழுசாகத் தாண்டியிராது என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒவ்வொரு முட்டையும் தன் இடத்தில் அமர்ந்து, பக்கத்து முட்டையைத் தொடாமல், ஆட்டத்தைத் தாங்கிக்கொண்டு பிரயாணம் செய்வதற்கு அந்தத் தட்டு வழிசெய்கிறது. ஒரு பிராந்தியத்தின் ஜீவனோபாயமே இத்தனை அற்பமான ஒரு துணைக்கருவியின் மேல் உட்கார்ந்திருப்பதை அறிந்தவர்கள் நாம்.

அறிந்தும், இதே சமவெளியின் மாம்பழத்துக்கு அப்படியொரு தாங்கியை வீட்டளவில் நாம் செய்துகொடுக்கவில்லை. பழத்தைச் சர்க்கரைப் பாகில் இட்டு, கண்ணாடி ஜாடியில் நிரப்பி, மூடி, ஜாடியோடு கொதிநீரில் வைத்தெடுத்து, மாதக்கணக்கில் கெடாமல் காப்பாற்றும் முறையைக் குடும்பத்தார் தங்கள் அடுக்களையிலேயே கையாளலாம் என்று பயிற்சி வகுப்புகளில் வெகுகாலமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறோம். அந்த ஜாடிகள் கொதிநீருக்குள் சாயாமலும் மோதாமலும் நிற்பதற்கு வேண்டிய ஒரு சாதாரணச் சட்டத்தை மட்டும் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பாத்திரக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் சற்று யோசித்துவிட்டு இட்லித் தட்டையோ, சாப்பாட்டு மேஜையில் சூடான பாத்திரம் வைக்கும் வளையத்தையோ எடுத்து நீட்டுவார். அவர்மேல் குற்றமில்லை. கேட்பவர் இல்லாத சரக்கை எவர் வாங்கி அடுக்குவார்? கிடைக்காத சாமானை எவர்தான் கேட்டுக்கொண்டிருப்பார்?

சித்திரை பிறந்துவிட்டால் சேலம் சின்னக் கடைவீதியில் நடப்பவர் கண்ணை மூடிக்கொண்டே கடைகளை அடையாளம் சொல்லிவிடலாம். மல்கோவாவும் குண்டும், இமாம்பசந்தும் செந்தூராவும், நடுச்சாலையும் பங்கனப்பள்ளியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்திறங்கி, ஆனி கடந்து ஆடி வரையில் அந்த வீதியை நிறைத்துவிடுகின்றன. முதல் வரத்தின்போது ஏழைக்கு எட்டாத விலையில் இருக்கும் பழம், அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடிப் பக்கத்துத் தோப்புகளில் ஒருசேரப் பழுக்கத் தொடங்கியதும், கேட்பாரற்றுப் போகிறது. கோடை மழையோடு வரும் காற்று ஒரே இரவில் உதிர்த்துவிடும் காய்களுக்கோ மண்டியில் மதிப்பே இல்லை. அடிபட்ட பக்கம் இரண்டு நாளில் கறுத்துவிடும். மா மரம் நாலைந்து நிற்கும் வீட்டுக்காரர் உறவுக்கும் அண்டை அயலுக்கும் கொடுத்து, மாட்டுக்கும் போட்டு, மிச்சத்தைக் குப்பைக்குழியில் கொட்டுவது இந்தப் பக்கத்தில் ஆண்டுதோறும் நடக்கும் சம்பிரதாயம்.

இதற்குப் பரிகாரம் கேட்டால் உடனே எல்லோர் வாயிலும் வருவது கிருஷ்ணகிரி. பழைய சேலம் ஜில்லாவின் வடபகுதியாக இருந்து, 1965-இல் தர்மபுரி மாவட்டத்தோடு பிரிந்து, 2004-இல் தனி மாவட்டமாகிவிட்ட அந்த நிலத்தில் மாங்கூழ்த் தொழிற்சாலைகள் பல இருக்கின்றன, 3.1 கிலோ டின்களிலும், 215 கிலோ பிடிக்கும் பீப்பாய்களிலும் அவை கூழை அடைத்துக் கப்பலேற்றுகின்றன. அவற்றின் உபயோகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தொழிற்சாலைக்கு வேண்டியது பெரும்பாலும் கிளிமூக்கு என்று நாம் சொல்லும் பெங்களூராவும் அல்போன்சாவும்தான். வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஒற்றை மல்கோவா மரத்துக்காக எந்த ஆலையின் வண்டியும் வந்து நிற்காது. தொழிற்சாலையை மட்டுமே நம்பியிருப்பவரின் கதி எவ்வளவு நிலையற்றது என்பதை 2025 ஜூன் மாதத்தில் பிரத்தியட்சமாகக் கண்டோம். விலை சரிந்து கிடந்த அந்தப் பருவத்தில், வெளிமாநிலத்துத் தோத்தாபுரி, அதாவது அதே கிளிமூக்கு, தன் எல்லைக்குள் வரலாகாது என்று ஆந்திரத்துச் சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்க, கர்நாடக முதலமைச்சரே ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. இரண்டு மாநிலத்து முதலமைச்சர்கள் தலையிட்டுத் தீர்க்க வேண்டிய விவகாரமாக ஒரு மாங்காய் ஆகிவிடும்போது, அதில் ஒரு பங்கையாவது வீட்டு அடுப்பிலேயே தீர்த்துக்கொள்ள இயலுமா என்று யோசிப்பது அநாவசியமான காரியமாகாது.

இனி அந்தச் சட்டத்தின் வேலையைப் பார்ப்போம். இட்லி அவிக்கும் குண்டானில் நீரை ஊற்றி, பழமும் பாகும் நிறைந்த ஆறு ஜாடிகளை நேராக அதன் அடியிலேயே வைத்து அடுப்பை மூட்டினால், தீயின் வெப்பம் முதலில் குண்டானின் அடித்தகட்டைத் தாக்குகிறது. தகட்டின் மேலேயே அமர்ந்திருக்கும் ஜாடியின் அடிப்பாகம் சுறுக்கென்று சூடேறுகிறது. அதன் தோளும் கழுத்தும் இன்னும் ஆறிய நீரிலேயே இருக்கின்றன. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் வஸ்து. ஒரு பக்கம் விரிய, மறுபக்கம் விரிய மறுக்க, சாதாரண பாட்டில் கண்ணாடி சுமார் 40 டிகிரி திடீர் வேற்றுமையை ஒருவாறு தாங்கும். அதற்கு மேல் அதனிடம் உத்தரவாதம் எதிர்பார்க்க இயலாது. அடி மட்டும் வட்டமாகக் கழன்று, பாகு முழுவதும் வெந்நீரில் கலந்து, மாம்பழத் துண்டுகள் மேலே மிதக்கும் காட்சியைப் பார்த்தவர்கள் இரண்டாம் தடவை இந்த முயற்சிக்குப் போவதில்லை.

உடையாமல் தப்பிய ஜாடிகளுக்கும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. நீர் கொதிக்கத் தொடங்கியதும், ஜாடியின் அடிக்கும் குண்டானின் தகட்டுக்கும் நடுவே அகப்பட்ட நீர்த்துளி ஆவியாகி வெளியேற வழி தேடி ஜாடியையே தூக்குகிறது. தூக்கிய ஜாடி மறுபடி விழுகிறது. இந்தத் தட்டலும் துள்ளலும் கொதிக்கும் நேரம் முழுதும் ஓயாமல் நடந்து, ஒன்றன் தோள் மற்றொன்றன் கழுத்தில் மோதி, கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கிவிடும். அளவு குறைவாக நிரப்பிய ஜாடியோ மிதந்து சாய்ந்துகொள்ளும். சாய்ந்த ஜாடியிலிருந்து பாகு மூடியின் அடியில் ஏறி, மாம்பழத்தின் ஒரு மெல்லிய நார் ஜாடியின் விளிம்புக்கும் மூடியின் ரப்பர்ப் பூச்சுக்கும் நடுவே குறுக்கே படுத்துக்கொள்ளுமானால், மூடி இறுகியதுபோலத் தோன்றும்; உண்மையில் இறுகியிராது. அலமாரியில் வைத்த சில வாரங்களில் அதன் நடுப்பகுதி மெல்ல உப்பும், திறந்தால் சீறும், புளித்த வாடை வரும். இல்லத்தரசியோ மாம்பழத்தையும் சர்க்கரையையும் நொந்துகொண்டு, முடிவில் தனக்குக் கைராசி இல்லை என்று தன்னையே நொந்துகொள்வார். ஒரு நாரைக் குறுக்கே போகவிடாமல் ஜாடியை நிமிர்த்தி வைத்திருக்க வேண்டிய சட்டம் அங்கே இல்லை என்பது அவருக்குத் தோன்றாது. தோன்றும்படி எவரும் அவரிடம் சொன்னதும் இல்லை.

அந்தச் சட்டம் செய்வதெல்லாம் இவ்வளவே: ஜாடிகளை அடித்தகட்டிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் அளவு உயர்த்திப் பிடித்து, கீழே நீர் புகுந்து புறப்பட இடம் விடுகிறது, ஜாடிக்கும் ஜாடிக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளியைக் காக்கிறது, எல்லாவற்றையும் செங்குத்தாக நிறுத்துகிறது, இரு பக்கத்துக் கைப்பிடிகள் குண்டானின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும்படி அமைத்திருந்தால், வெந்த ஜாடிகளை ஈரத்துணியாலும் இடுக்கியாலும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கையைச் சுட்டுக்கொள்ளாமல், சட்டத்தோடு ஒருசேர மேலே தூக்கவும் உதவுகிறது. மூடிக்கு மேல் ஓர் அங்குலம் நீர் நிற்க வேண்டும். நீர் நன்றாகத் தளைத்த கணத்திலிருந்தே நேரத்தைக் கணக்கிட வேண்டும். எடுத்தவற்றை மடித்த துணியின் மேலோ மரப்பலகையின் மேலோ காற்றடிக்காத இடத்தில் வைத்து, அரை நாளுக்குக் குறையாமல் தொடாமலிருக்க வேண்டும். ஜாடி ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடியின் நடுப்பாகம் ‘டொக்’கென்று உள்வாங்கும். அந்தச் சத்தம் கேட்டதா என்று குழந்தைகள் காத்துக் கிடக்கும் வீடுகள் அமெரிக்காவில் உண்டு.

இவ்வளவும் நமக்குப் புதிய தத்துவமா என்றால், இல்லவே இல்லை. உருண்டை அடியுள்ள பானை உருளாதிருக்க வைக்கோலைப் புரியாகத் திரித்து வளையமாகச் சுற்றிப் பிரிமணை செய்தவர்கள் நம் முன்னோர். தயிர்ச்சட்டியும் நெய்க்கலயமும் ஒன்றையொன்று இடிக்காமல் அந்தரத்தில் தொங்குவதற்கு உறி கட்டியவர்கள். கொழுக்கட்டை அவிக்கும் பானையின் அடியில் ஒரு பிடி வைக்கோலைப் பரப்பி, மாவைத் தண்ணீரிலிருந்தும் அடிச்சூட்டிலிருந்தும் பிரித்து வைத்தவர்கள். ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டி, ஈரம் படாத பலகைமேல் வரிசையாக நிறுத்தி வைக்கும் பழக்கத்திலும் இதே சிரத்தையைக் காணலாம். ஜாடிப்பழ முறை நம் அடுக்களைக்குள் வந்தபோது அதற்குரிய பிரிமணை மட்டும் கூடவே வரவில்லை. வராத குறைக்கு, ஒரு பழைய வேட்டித்துண்டை நாலாக மடித்து அடியில் போடுகிறார்கள். ஒன்றிரண்டு ஜாடிகளுக்கு அது பரவாயில்லை. நீர் தளைத்துக் கொதிக்கும்போது துணியின் அடியில் ஆவி சேர்ந்து பந்தாக உப்பி, மேலே நிற்கும் ஜாடிகளைக் கவிழ்த்துவிடும் என்பதும், பக்கவாட்டு மோதலைத் துணியால் தடுக்க இயலாது என்பதும் அதன் இரண்டு பெருங்குறைகள்.

துணிக்கும் ஒரு கௌரவமான பூர்வீகம் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. உணவைக் கண்ணாடிப் பாத்திரத்தில் அடைத்துக் கொதிநீரில் வைத்துக் காப்பாற்றும் வித்தையை உலகுக்கு அளித்த பிரெஞ்சுக்காரர் நிக்கோலா அப்பேர், தம் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்து உடையாதிருக்க ஒவ்வொன்றையும் முரட்டுத் துணிப்பையில் நுழைத்தே கொப்பரையில் நிறுத்தினார். 1810-இல் பிரெஞ்சு அரசாங்கம் அவருக்கு 12,000 பிராங்கு சன்மானம் அளித்தது; அவரும் தம் முறையை மறைக்காமல் நூலாக வெளியிட்டார். பழம் ஏன் கெடவில்லை என்பதற்கான காரணம் அவருக்குத் தெரியாது. கிருமிகளின் சூட்சுமத்தைப் பாஸ்டர் விளக்குவதற்கு இன்னும் ஐம்பது ஆண்டுகள் ஆயின. காரணம் தெரியாவிட்டாலும், பாட்டில் உடைந்தால் எல்லாம் வீண் என்பது தெரிந்திருந்தது. 1858-இல் அமெரிக்காவில் ஜான் லாண்டிஸ் மேசன் திருகு மூடியுள்ள ஜாடிக்குக் காப்புரிமை பெற்றபின், அந்நாட்டில் ஜாடியும் மூடியும் பாத்திரமும் கம்பிச் சட்டமும் ஒரே தொகுதியாக வீடுகளுக்குள் புகுந்தன. ஏழு ஜாடி கொள்ளும் சட்டம் அங்கே வழக்கமான அளவாகவே ஆகிவிட்டது.

நமக்கு எதற்கு இது, மாங்காய் ஊறுகாயும் மாவடுவும் மாவற்றலும் இல்லையா என்று கேட்பவர்களுக்கு மறுமொழி சொல்ல வேண்டும். உப்பும் எண்ணெயும் வெயிலும் காப்பாற்றுவது காயை. பழுத்த பழத்துக்கு அந்த மூன்றாலும் அதிகப் பிரயோஜனமில்லை. பழத்தைக் கூழாக்கி வெயிலில் காயவைக்கும் மாம்பழத் தகடு ருசியானதே; ஆனால் துண்டு துண்டாகப் பழத்தின் உருவமும் மணமும் மாறாமல் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் குழந்தைக்குக் கொடுக்க அது ஆகாது. குளிர்ப்பெட்டி இருக்கிறதே என்பர். மின்சாரம் நின்றுபோன ஒரு நீண்ட கோடைப் பகலுக்குப் பிறகு அதன் உறைநிலைப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களிடம் அந்த வாதம் செல்லாது. சர்க்கரைச் செலவையும் எரிவாயுச் செலவையும் எடுத்துச் சொல்பவர்களின் ஆட்சேபம் மட்டும் எனக்கு நியாயமாகப் படுகிறது. கடையில் விலைக்கு வாங்கிய பழத்தை இப்படி அடைத்து வைப்பது வீண் ஆடம்பரம். மரத்தடியில் வீணாகும் பழத்துக்கும், மண்டியில் விலை போகாத பழத்துக்குமே இம்முறை பொருந்தும். அதுவும் தனி வீடாக அல்லாமல், ஒரு தெருவாகவோ ஒரு குழுவாகவோ கூடிச் செய்தால்தான் விறகும் உழைப்பும் கட்டுப்படியாகும்.

இன்னொரு எச்சரிக்கை இதைவிட முக்கியமானது. கொதிநீரால் காப்பாற்றத் தக்கவை புளிப்புள்ள பழங்களே. அமிலத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 4.6-க்கு மேல் போய்விட்டால், காற்றில்லாத ஜாடிக்குள் நஞ்சு சுரக்கும் பாட்டுலினம் கிருமியின் வித்துகள் முளைக்க இடமுண்டு. அவற்றை அழிக்க 121 டிகிரி வெப்பமும் அழுத்தக் கொப்பரையும் வேண்டும். நூறு டிகிரியில் அவை சாவதில்லை. கொல்லிமலை அன்னாசிக்கு இந்தப் பயமில்லை. அது இயல்பாகவே புளிப்பு. பப்பாளியும் வாழைப்பழமும் அப்படியல்ல. மாம்பழமோ நடுவே நிற்கிறது: நன்றாகக் கனிந்த பழத்தில் புளிப்பு போதாமல் போகலாம் என்பதால், காயும் செங்காயுமே ஜாடிக்கு உகந்தவை என்று அமெரிக்க நிபுணர்கள் விதித்திருக்கிறார்கள், எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்ப்பது பாகின் சுவைக்கும் பாதுகாப்புக்கும் நல்லது. 2006 மார்ச்சில் தாய்லாந்தின் நான் மாகாணத்தில், வீட்டு முறையில் டின்னில் அடைத்த மூங்கில் குருத்தை ஒரு சமயத் திருவிழாவில் உண்ட 209 பேர் பாட்டுலின நஞ்சால் படுத்துவிட்டார்கள். சட்டமும் ஜாடியும் கைக்கு வந்த உற்சாகத்தில் பீன்ஸையும் முருங்கைக்காயையும் அடைக்கப் புறப்படுகிறவர்கள் அந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் சொல்லிக்கொடுக்க நம்மிடம் ஸ்தாபனங்கள் இல்லாமலில்லை. 1950-இல் மைசூரில் ஸ்தாபிதமான மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சேலத்துக்குச் சந்தியூரில் ஒரு வேளாண் அறிவியல் நிலையம், நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் மற்றொன்று. மத்திய சர்க்காரின் உணவு-ஊட்டச்சத்து வாரியமும் பழப்பதனத்தில் பயிற்சி நடத்தி வந்திருக்கிறது. குறை அறிவில் இல்லை. பழப்பதன வகுப்புகளின் பொதுவான நடைமுறையைப் பார்த்தால், ஸ்குவாஷுக்கு எத்தனை பங்கு சாறு, ஜாமுக்கு எத்தனை பங்கு சர்க்கரை என்று எழுதிய தாளும், முடிவில் ஒரு சான்றிதழும் கைக்கு வருகின்றன, கருவி வருவதில்லை. வகுப்பில் பெரிய எவர்சில்வர் கொப்பரையில் செய்து காட்டிய வித்தையை வீட்டில் போசியிலும் குண்டானிலும் செய்யப் புகுகிறவர் முதல் ஜாடி உடைந்ததும் தாளை அஞ்சறைப்பெட்டிக்குக் கீழே தள்ளிவிடுகிறார். சான்றிதழ் மட்டும் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. காகிதத்துக்குக் கிடைத்த சட்டம் ஜாடிக்குக் கிடைக்கவில்லை!

இந்த மண்ணிலேயே இதற்கு மாறான ஒரு முன்மாதிரி உண்டு. 1925-இல் ராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, மழை பொய்த்து வாடிய கிராமங்களில் நூற்பைப் பரப்ப முற்பட்டபோது, நூற்பின் மகிமையைப் பற்றிய பிரசங்கத்தோடு நின்றுவிடவில்லை. ராட்டையும் பஞ்சும் கிராமங்களுக்குப் போயின. நூற்ற நூல் கூலிக்கு வாங்கிக்கொள்ளப்பட்டது. கதர் இயக்கத்தில் பல குறைகளைச் சொல்வோர் உண்டு, நானும் சில சொல்வேன். கருவியைக் கொடுக்காமல் தொழிலை உபதேசித்தார்கள் என்ற குறையை மட்டும் எவரும் சொல்ல இயலாது. இங்கிலாந்திலும் 1940-இல், யுத்தத்தின் நெருக்கடியில் தோட்டத்துப் பழம் வீணாகக் கூடாதென்று கிராமத்து மாதர் சங்கங்கள் பழப்பதன மையங்களைத் திறந்தபோது, அரசாங்கம் அவற்றுக்குச் சர்க்கரையை ஒதுக்கித் தந்தது. டின் மூடும் கைக்கருவிகள் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து இறங்கின. ஒரு சங்கத்தின் கருவியைப் பல குடும்பங்கள் முறைபோட்டுக்கொண்டு பயன்படுத்தின.

முறைபோட்டுக்கொண்டு பயன்படுத்தும் ஏற்பாடு நமக்குக் கைவந்த ஒன்று; கோயில் அண்டாவையும் பந்தல் சாமான்களையும் ஊர்ப்பொதுவில் வைத்து ஆளும் வழக்கம் இங்கே பழமையானது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் முதன்முதலாக வேரூன்றியதும் இந்த வட்டாரத்தை ஒட்டியே. 1989-இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய அத்திட்டம் அடுத்த சில ஆண்டுகளில் சேலத்துக்கும் பரவியது. சேமிப்பையும் கடனையும் கணக்குப் புத்தகத்தையும் அந்தப் பெண்கள் எத்தனை செவ்வையாக நடத்துகிறார்கள் என்பதை நாடறியும். 2020-இல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த குறு உணவுப் பதன நிறுவனங்களுக்கான திட்டத்தில், உணவுப் பதனத்தில் ஈடுபடும் குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 40,000 ரூபாய் வரை விதைமூலதனம் உண்டு. நடைமுறைச் செலவுக்கும் சிறு கருவிகள் வாங்குவதற்கும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. சிறு கருவி என்றால் அரவை இயந்திரமும் பொட்டலம் ஒட்டும் இயந்திரமும்தான் அதிகாரிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. பெரியதும், மின்சாரத்தில் ஓடுவதும், திறப்பு விழாவில் புகைப்படத்துக்கு நிற்பதுமான சாமான்களுக்கே கோப்பு நகரும் என்பது என் அபிப்பிராயம். தவறென்று எவரேனும் நிரூபித்தால் மகிழ்ச்சியே அடைவேன்.

செய்து தரும் கைகளுக்கோ இங்கே பஞ்சமே இல்லை. கஞ்சமலை அடிவாரத்தில், 1980-களின் தொடக்கம் முதல் துருவேறா எஃகுத் தகட்டை உருட்டித் தரும் சேலம் உருக்காலை இருக்கிறது; அங்கே நாணயங்களுக்காக எஃகில் வட்டம் வெட்டும் பிரிவும் உண்டு. வட்டங்களை வெட்டி எடுத்தபின் மிஞ்சும் துளைத்தகடு, ஜாடித் தாங்கியின் அடித்தட்டுக்கு வேண்டிய உருவத்தில் ஏறக்குறையத் தானாகவே வந்துவிடுகிறது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. லாரிக்குக் கூடு கட்டும் நாமக்கல் பட்டறைகளும், ஆழ்துளைக் கிணற்று வண்டிகளுக்கு உடல் கட்டும் திருச்செங்கோட்டுப் பட்டறைகளும் இருக்கையில், நாலு கம்பியை வளைத்துப் பற்றவைக்கும் வேலைக்கு வெளியூர் போவானேன்? அரை லிட்டர் ஜாடியின் குறுக்களவு ஒன்பது சென்டிமீட்டருக்குள் அடங்கும். நடுவில் ஒன்றும் சுற்றி ஆறுமாக ஏழு ஜாடிகள் முப்பது சென்டிமீட்டர் அகலமுள்ள குண்டானில் இடைவெளியோடு உட்காரும். ஆழம் மட்டும் கவனிக்க வேண்டியது: தாங்கியின் உயரம், ஜாடியின் உயரம், மேலே நிற்கும் நீர், கொதித்துப் பொங்க இடம் எல்லாம் கூட்டினால் இருபது சென்டிமீட்டரைத் தாண்டிவிடுகிறது, இட்லிக் குண்டான்களில் பல இதற்கு ஆழம் போதாதவை. முலாம் பூசிய இரும்புக் கம்பியை விலை குறைவென்று வாங்கலாகாது. இரண்டு பருவம் வெந்நீரில் கிடந்தால் முலாம் உரிந்து, துரு கறையாக ஜாடியில் ஏறும். கைப்பிடியின் கொக்கி குண்டானின் விளிம்பில் நன்றாகப் பற்ற வேண்டும் என்பதால், பாத்திர வியாபாரிகளும் பட்டறைக்காரர்களும் கூடி இரண்டு மூன்று விளிம்பளவுகளைத் தங்களுக்குள் தீர்மானித்துக்கொள்வது நலம். வேளாண் அறிவியல் நிலையங்கள் வரைபடம் போட்டுக் கொடுக்கலாம். ஜாடிக்கும் ஒரு சொல்: ஹார்லிக்ஸ் பாட்டிலையும் காபித்தூள் பாட்டிலையும் சேர்த்து வைத்திருக்கும் நம் வீடுகளில், கழுத்தளவும் மூடியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதே இல்லை, குழுவாக வாங்கும்போது ஒரே அளவுக் கண்ணாடி ஜாடியையும், கொதிநீர் தாங்கும் பூச்சுள்ள தகர மூடியையும் மொத்தமாக வாங்கிக்கொள்ள வேண்டும். மூடியை ஒரு தடவைக்கு மேல் நம்பலாகாது.

பட்டறைக்காரர் தாங்கியின் கைப்பிடியில் தம் பெயரைப் பொறிப்பதற்கு முன் இரண்டு வரி எண்களுக்கு இடம் விட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்திலுள்ள சேலத்தில் நீர் 99 டிகிரியில் கொதிக்கிறது. 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொல்லிமலையில் அதைவிடச் சற்றுக் கூடுதல். சமவெளியில் போதுமான நேரம் மலைமேல் போதாது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைகளில் 1,000 அடி வரையில் ஒரு கணக்கும், 3,000 அடியைத் தாண்டினால் பல பழங்களுக்குப் பத்து நிமிடம் கூடுதலான கணக்கும் இருக்கின்றன. சேலமும் நாமக்கல்லும் முதல் கணக்கில் அடங்கும், ஏற்காடும் கொல்லிமலையும் பின்னதில். பழத்துக்குப் பழம் மாறும் அந்த நிமிடங்களைச் சந்தியூரிலோ நாமக்கல்லிலோ நம் மாம்பழத்தையும் அன்னாசியையும் வைத்துச் சோதித்து, மேல்வரியில் சமவெளிக்கும் கீழ்வரியில் மலைக்குமாகத் தமிழில் பொறித்துவிட்டால், செவ்வாய்ப்பேட்டையில் தாங்கி வாங்கிக் கொல்லிமலைச் செம்மேட்டுக்குக் கொண்டுபோய் அன்னாசி வேகவைக்கிறவர் கீழ்வரியைப் பார்த்து அடுப்பை அணைப்பார்.